கூட்டம் குவியும் பூங்காக்களை நிர்வகிப்பது எப்படி?

பூங்காவில் கூட்டம் தாங்கவில்லை என்று புகார் வந்தால், முதலில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: எந்த இடத்தில்? எத்தனை மணிக்கு? 20 ஏக்கர் பூங்காவில் ஒரே நேரத்தில் 2,000 பேர் இருந்தால் ஆளுக்கு 40 சதுர மீட்டர் கிடைக்கிறது. அது தாராளமான இடம். ஆனால் அந்த 2,000 பேரும் ஒரே வாசலில் நுழைந்து, ஒரே கழிப்பறையைத் தேடி, ஒரே வியூ பாயிண்டில் நின்று படம் எடுக்க நினைக்கும்போது அந்த மூன்று இடங்களும் திணறிப்போகின்றன. மீதிப் பரப்பு காலியாகவே கிடக்கும். ஆகவே மொத்தக் கூட்டத்தைக் குறைக்கக் கிளம்பும் முன், நெருக்கடி முளைக்கும் நாலைந்து இடங்களையும் அவற்றுக்கான நேரத்தையும் கண்டுபிடியுங்கள். பணமும் ஆட்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

எண்ணிக்கை இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்

குறைந்தது ஐந்து நாட்கள் எண்ண வேண்டும்: சாதாரண வார நாட்கள் இரண்டு, வார இறுதி நாட்கள் இரண்டு, நீண்ட விடுமுறையில் ஒரு நாள். ஒவ்வொரு வாசலிலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்துக்கொண்டே வந்தால், எந்த நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஒரு நாளின் மொத்த டிக்கெட் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போடுபவர்கள் பலர். அந்த எண்ணால் வருமானத்தைக் கணக்குப் பார்க்கலாமே தவிர, நெரிசலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சராசரியாக ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதும் வேண்டும். நுழையும்போது நேரம் எழுதிய சிறு சீட்டைக் கொடுத்து, வெளியேறும்போது வாங்கிக்கொள்வது எளிய வழி. வாகனங்களுக்கு, அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்து பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்தால் போதும்.

பாதையில் அகச்சிவப்புக் கதிர் எண்ணும் கருவியைப் பொருத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இருவர் தோளோடு தோள் நடந்து போனால் அது ஒருவர் என்றே எண்ணும். கூட்டம் கூடக் கூட இந்தப் பிழையும் கூடும். அதனால் கூட்டம் குறைந்த நேரத்திலும் உச்ச நேரத்திலும் தலா சில தடவை, 15 நிமிடம் கையால் எண்ணி ஒப்பிட வேண்டும். கருவி 160 காட்டும்போது ஆள் 200 எண்ணியிருந்தால், உச்ச நேரத்துக்கான திருத்தம் 1.25. அமைதியான நேரத்துக்கு அது 1.05 ஆக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே திருத்தத்தைப் போட்டால் கணக்கு தவறும். கருவியைப் பாதை குறுகும் இடத்தில் வையுங்கள். மக்கள் நின்று பேசும் இடத்திலும், ஆடும் கிளைக்கு எதிரிலும், காலை வெயில் நேராக விழும் இடத்திலும் வைத்தால் பொய்யான எண்கள் குவியும்.

வசதிகளை எந்த நாளை மனதில் வைத்து அமைப்பது? ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வந்த நாளை எடுத்துக்கொண்டால் மீதி நாட்களில் பாதி இடம் வீணாகும், புல்வெளி சிமெண்ட் தரையாகிவிடும். கூட்டத்தின் அளவில் ஐந்தாவது முதல் பத்தாவது இடம் வரையுள்ள ஒரு நாளை நிரந்தர வசதிகளுக்கான அளவுகோலாக வைப்பது நல்லது. அதற்கு மேல் வரும் சில நாட்களைத் தற்காலிகக் கழிப்பறை, கூடுதல் ஆட்கள், இத்தனை மணிக்கு நுழையலாம் என்று குறித்த நேரச்சீட்டு ஆகியவற்றால் சமாளிக்கலாம்.

கொள்ளளவைக் கணக்கிடும் முறை

ஒரே ஒரு சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளே இருப்பவர்கள் = ஒரு மணி நேரத்தில் வருபவர்கள் × சராசரியாகத் தங்கும் மணி நேரம். இதைத் திருப்பிப் போட்டால், ஒரு வசதி மணிக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்பது கிடைக்கும்.

120 வாகனங்கள் நிற்கும் இடம் இருக்கிறது, ஒரு வாகனம் சராசரியாக ஒன்றரை மணி நேரம் நிற்கிறது என்று கொள்வோம். 120-ஐ 1.5-ஆல் வகுத்தால் மணிக்கு 80 வாகனங்கள். வாகனத்துக்கு 2.5 பேர் என்றால் மணிக்கு 200 பேர். மாலையில் மணிக்கு 110 வாகனங்கள் வருகின்றன என்றால், ஒவ்வொரு மணி நேரமும் 30 வாகனங்கள் சாலையில் தேங்கும். இந்தத் தேக்கம் இரண்டு மணி நேரத்தில் 60 ஆகிவிடும். வரிசை வாசலைத் தாண்டிப் பொதுச் சாலைக்குப் போவது இப்படித்தான்.

இதே கணக்கைக் கழிப்பறை, டிக்கெட் கவுன்டர், வியூ பாயிண்ட், படகுத்துறை என்று ஒவ்வொன்றுக்கும் போட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மிகச் சிறிய எண் எதற்கு வருகிறதோ அதுதான் அந்த இடத்தின் உண்மையான கொள்ளளவு. வேறு எதைப் பெரிதாக்கினாலும் பயன் இருக்காது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பார்க்கிங் பற்றிய புகார்தான் அதிகம் வருகிறது என்பதால் முதலில் அதை விரிவாக்குவது. போதாத பார்க்கிங், உள்ளே வரும் கூட்டத்துக்குச் சத்தமில்லாத தடுப்பாக இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் நெருக்கடி அடுத்த குறுகலான இடத்துக்கு நகர்ந்துவிடும். அமெரிக்காவின் சையன் தேசியப் பூங்காவில் பள்ளத்தாக்குச் சாலை நெரிசலைத் தீர்க்க 2000-ஆம் ஆண்டில் பேருந்து விட்டார்கள். சாலை சீரானது. பார்வையாளர்கள் பின்னும் பெருக, சங்கிலியைப் பிடித்து ஏறும் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற குறுகிய முகட்டுப் பாதையில் நெரிசல் ஆபத்தான அளவுக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் முதல் அந்தப் பாதைக்குத் தனி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பேருந்து விட்டது தவறான முடிவு அல்ல. ஒரு முடிச்சை அவிழ்க்கும்போதே, கூட்டம் அடுத்து எங்கே போய்ச் சேரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

வாசலும் வாகனங்களும்

நிறுத்துமிடம் முழுவதும் நிரம்பிய பிறகு தடுப்பை இறக்குவது காலம் கடந்த செயல். வரிசையில் ஏற்கெனவே நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப இடமே இருக்காது. மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 80 விழுக்காடு நிரம்பியதும் இணையத்திலும், முந்தைய சாலைச் சந்திப்பில் வைத்த பலகையிலும் தகவல் போட வேண்டும். 90 விழுக்காட்டில் ஒரு பணியாளர் அந்தச் சந்திப்புக்கே போய் வாகனங்களை மாற்று இடத்துக்குத் திருப்ப வேண்டும். நிரம்பியதும் வாசலை மூட வேண்டும். மறுபடி திறப்பது 85 விழுக்காட்டுக்கு இறங்கிய பிறகே. ஒரு வாகனம் வெளியே போனதும் ஒன்றை உள்ளே விட்டால், அந்த ஒற்றை இடத்தைத் தேடி அது முழு நிறுத்துமிடத்தையும் சுற்றும். பின்னால் வருவதும் சுற்றும். பத்து நிமிடத்தில் உள்ளே யாரும் நகர முடியாது.

திருப்பி அனுப்பும்போது வேறு எங்கே போகலாம் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். மாற்று இடத்தின் பெயர், தூரம், அங்கே இப்போது இடம் இருக்கிறதா என்ற மூன்றும் பணியாளரின் கையில் இல்லாவிட்டால் அவர் வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்வார்.

டிக்கெட் கவுன்டரை வாசலுக்கு ஒட்டி வைக்காதீர்கள். வாங்கும் வரிசையும் நுழையும் வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டர் விட்டால் வரிசைகள் தனித்தனியாக நிற்கும். சுழல் கதவு ஒன்றின் வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியும் என்று கணக்கிடக் கூடாது என்கிறது விளையாட்டரங்குப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி. பைச் சோதனையும் இருந்தால் இன்னும் வெகுவாகக் குறையும்.

நெரிசல் எப்போது ஆபத்தாகிறது

ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வரை மக்கள் தங்கள் விருப்பப்படி நடக்க முடியும். மூன்றில் வேகம் குறைந்து, உடல்கள் உரசத் தொடங்கும். நான்கைத் தொட்டால் நகரும் கூட்டத்துக்கு அதுவே எல்லை. ஐந்துக்கு மேல் போனால் தன் கால் போகும் திசையை ஒருவர் தீர்மானிக்க முடியாது, கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போகும். நெரிசல் விபத்துகளில் மக்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல்தான் இறக்கிறார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதால் தள்ளுவது நிற்காது.

கண்ணால் பார்த்து அடர்த்தியைச் சொல்வது கடினம், அதனால் தரையையே அளவுகோலாக்கிவிடுங்கள். வியூ பாயிண்ட், பாலத்தின் இரு முனைகள், வாசல் முற்றம் ஆகிய இடங்களில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரம் ஒன்றை வேறு நிறக் கல்லால் பதிக்கலாம், அல்லது பெயின்ட் அடிக்கலாம். கண்காணிப்புக் கேமராவில் அது தெரிய வேண்டும். அந்தச் சதுரத்துக்குள் 8 தலைகள் இருந்தால் இயல்பு. 12 ஆனால் வரத்தை மெதுவாக்க வேண்டும். 16-ஐ நெருங்கும் முன்பே அந்தப் பக்கம் வருபவர்களை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது அந்த இடத்தில் அல்ல, குறைந்தது 50 மீட்டர் முன்னால். ஒட்டி நிறுத்தினால் நீங்களே ஒரு புதிய நெரிசலை உண்டாக்குகிறீர்கள்.

வெளியேறும் அகலத்துக்கும் கணக்கு உண்டு. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 2,000 பேரை 8 நிமிடத்தில் வெளியேற்ற வேண்டுமானால், 2,000-ஐ 656-ஆல் (82 × 8) வகுக்க, 3 மீட்டருக்குச் சற்று மேல் அகலம் வேண்டும். கணக்கிடும்போது இருப்பதிலேயே அகலமான வாசல் அடைபட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு, மீதி வாசல்களைக் கொண்டே இந்த அகலம் வருகிறதா என்று பாருங்கள். சுழல் கதவுகளைச் சேர்க்காதீர்கள். வாசல் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், பார்வையாளர்கள் உள்ளே இருக்கும் வரை பூட்டு தொங்கக் கூடாது. திருட்டு நுழைவைத் தடுக்கப் பக்கவாட்டுக் கதவைப் பூட்டிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அங்கே ஒரு ஆளை உட்காரவையுங்கள், பூட்டை எடுத்துவிடுங்கள்.

நேரச்சீட்டும் முன்பதிவும்

மேலே சொன்ன அனைத்தையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட இடம் தாங்கவில்லை என்றால் மட்டுமே முன்பதிவுக்குப் போங்கள். முழுப் பூங்காவுக்கும் சேர்த்துப் போடுவதைவிட, நெருக்கடியான அந்த ஓரிடத்துக்கு மட்டும் போடுவது நியாயமானது. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் பாறையின் கம்பிவடப் பாதைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 பேர் என்ற வரம்பு இருக்கிறது. பாறைக்கு மேலே இடம் ஏராளம், வடத்தில் ஏறும் இடம்தான் நெருக்கடி.

நேரச்சீட்டு தருவதானால் அது நுழையும் நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தட்டும். 10 மணிச் சீட்டுக்கு 9.45 முதல் 10.30 வரை நுழையலாம் என்று சலுகை வையுங்கள். வெளியேறும் நேரத்தையும் கட்டாயமாக்கினால் அதைக் கண்காணிக்கப் பெரும் ஆட்படை வேண்டியிருக்கும். பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வர மாட்டார்கள். முதல் மாதம் அந்த விகிதத்தைக் குறித்துவைத்து, பிறகு அதற்கேற்பச் சீட்டைக் கூட்டுங்கள். சீட்டுகளில் ஒரு பகுதியை முந்தைய நாளிலும் நேரிலும் வழங்க ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் இணையம் எட்டாதவர்கள் வாசலுக்கு வெளியே நிற்க நேரும். பொதுப் பூங்கா அவர்களுக்கும் சொந்தம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இயற்கை அழிந்துவரும் இடத்தில் வரம்பு மட்டும் போதாது, ஓய்வும் வேண்டும். தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பவளப்பாறைகள் சிதைந்ததால் 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் படகுகள் விரிகுடாவுக்குள் வராமல், தீவின் பின்புறத்தில் அடையும்படி மாற்றினார்கள். மூடிய காலத்தில் செய்ய வேண்டிய வேலை இதுதான்: சிதைவுக்குக் காரணமான நுழைவு முறையையே மாற்றுவது. மூடிவைத்துவிட்டுப் பழையபடியே திறந்தால் பழைய நிலைமை சீக்கிரமே திரும்பும்.

கழிப்பறை

பூங்காவைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தில் பெரும்பங்கு கழிப்பறையில்தான் உருவாகிறது. பெண்களுக்கு ஒருமுறைக்கு ஆண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, குழந்தைகளையும் பெரும்பாலும் அவர்களே அழைத்துப் போகிறார்கள். ஆகவே இரு பாலருக்கும் சமப் பரப்பு ஒதுக்குவது சமமான வசதி ஆகாது. பெண்களுக்கான அறைகள் ஆண்களின் அறைகளும் சிறுநீர்க் கோப்பைகளும் சேர்ந்த எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் கணக்கிடுவது எளிது. உள்ளே போய்த் தாழிட்டு வெளியே வரும் வரை சராசரியாக இரண்டு நிமிடம் என்றால், ஓர் அறை மணிக்கு 30 பேருக்குப் பயன்படும். ஆனால் முழுத் திறனில் ஓட்டினால் வரிசை குறையவே குறையாது. 80 விழுக்காட்டை வைத்துக்கொண்டால் 24 பேர். உச்ச மணியில் 200 பெண்கள் வருவார்கள் என்றால் 9 அறைகள், பழுதுக்கு ஒன்று சேர்த்து 10. தண்ணீர் ஒரு பயன்பாட்டுக்குச் சுமார் 8 லிட்டர்: ஃப்ளஷுக்கு 6, கை கழுவ 2. நாளொன்றுக்கு 1,000 பயன்பாடு என்றால் 8,000 லிட்டர். தரை கழுவும் தண்ணீர் இதில் சேராது. மேல்நிலைத் தொட்டி உச்ச நாள் ஒன்றின் முழுத் தேவையையும் தாங்க வேண்டும். மின்சாரம் நிற்கும் நேரமும் கூட்டம் வரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், பம்பை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சுத்தம் செய்வதை மணிக்கணக்கில் திட்டமிடாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டால், காலையில் யாரும் வராத அறையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், மாலையில் 300 பேர் போன அறை அப்படியே கிடக்கும். ஏறத்தாழ 100 பேருக்கு ஒருமுறை என்று வையுங்கள். கதவில் ஓர் எண்ணும் கருவி போதும். உச்ச நேரத்தில் ஓர் ஆள் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும்.

அறைகள் மூடிக்கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெரிய பழுதே அல்ல. தாழ்ப்பாள் உடைந்திருக்கும், குழாய்த் தலை திருகிக் கழன்றிருக்கும், ஃப்ளஷ் தொட்டியின் மிதவை சிக்கியிருக்கும். தாழ்ப்பாள், குழாய்த் தலை, வாஷர், மிதவை வால்வு, அடைப்பெடுக்கும் கம்பி இவை எல்லாம் அங்கேயே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். வாங்குவதற்கான ஒப்புதலுக்காக ஒரு தாழ்ப்பாள் மூன்று வாரம் காத்திருப்பதால் வரிசையில் நிற்பவர்கள் படும் பாடு சொல்லி முடியாது.

குப்பை

மக்கள் குப்பையை உண்டாக்கும் இடத்திலும், அந்த இடத்தை விட்டு நடக்கத் தொடங்கும் திசையிலும் தொட்டி இருக்க வேண்டும். சாப்பிடும் இடத்திலிருந்து வெளியேறும் பாதையில், 10 முதல் 15 மீட்டருக்குள். அழகுக்காகச் சம தூரத்தில் வரிசையாக வைத்த தொட்டிகளில் பாதி காலியாகவும் பாதி வழிந்தும் கிடக்கும். முக்கால் நிரம்பியதும் எடுத்துவிட வேண்டும். வழியும் தொட்டியின் அருகே முதல் பை தரையில் விழுந்துவிட்டால் அடுத்தவர்களும் அங்கேயே வைப்பார்கள். கையால் தூக்க வேண்டிய மூடியை யாரும் தொட மாட்டார்கள், மிதி நெம்புகோல் சில மாதங்களில் உடைந்துவிடும். மேலே கூரையும் பக்கவாட்டில் திறப்பும் உள்ள தொட்டி மழைக்கும் பறவைகளுக்கும் தாங்கும். குரங்குகள் வரும் இடமானால் தாழ் உள்ள தொட்டி தவிர வேறு வழியில்லை. நாளின் கடைசி அள்ளல் பூங்கா மூடிய பிறகு நடக்கட்டும், காலைக்கு ஒத்திவைத்தால் இரவில் விலங்குகள் பைகளைக் கிழித்துப் பரப்பிவிடும்.

பாதை, புல், மரம்

மண்ணும் செடிகளும் மிதிபடுவதில் ஓர் உண்மை இருக்கிறது, அது தெரியாமல் பல பூங்காக்கள் கெடுகின்றன. மிதிப்பு கூடும் அளவுக்கேற்பச் சேதம் சீராகக் கூடுவதில்லை. முதல் சில நூறு காலடிகளிலேயே பெரும்பகுதி சேதம் நடந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தாலும் கூடுதல் சேதம் குறைவு. எனவே கூட்டம் மிகுந்த இடத்தில் மக்களை எல்லாப் பக்கமும் பரப்பிவிடுவது தவறு. பத்து இடங்களும் வீணாகும். நடக்கும் தடத்தைக் கெட்டியாக்கி, அதிலேயே அனைவரையும் நடக்கச் செய்ய வேண்டும். பரப்பிவிடும் உத்தி, ஆள் அரிதாக வரும் காட்டுக்குத்தான் பொருந்தும்.

அமைத்த பாதை இருக்க மக்கள் புல்லில் நடந்தால், அவர்களைக் குறை சொல்லும் முன் பாதையைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது சரளைக்கல் காலைக் குத்தும், அல்லது படி உயரமாக இருக்கும். தேங்கிய நீரைச் சுற்றிப் போகப் போக, ஒன்றரை மீட்டர் பாதை நாலு மீட்டராக விரியும். பாதையின் குறுக்குச் சரிவு 3 முதல் 5 விழுக்காடு இருந்தால் நீர் பக்கவாட்டில் வடியும். மலைச்சரிவில், பாதையின் ஏற்றம் அந்தச் சரிவின் பாதிக்கு மேல் போகக் கூடாது, சராசரியாக 10 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கி அரிக்கும். நீண்ட இறக்கத்தில் அங்கங்கே சிறிது ஏறி இறங்கும்படி அமைத்தால், அந்தத் தாழ்வுகளில் தண்ணீர் பாதையை விட்டு வெளியேறிவிடும்.

தேவையற்ற ஒற்றையடித் தடத்தை மூடும்போது ஒரு பலகையும் கயிறும் மட்டும் வைத்தால் பயனில்லை. பிரதான பாதையில் நிற்பவரின் கண்ணுக்குத் தடம் தெரியும் வரை அது அழைத்துக்கொண்டே இருக்கும். முதல் 10, 15 மீட்டரை மண்கொத்தி இளக்கி, முட்புதரோ கிளைகளோ பாறையோ பரப்பி, உள்ளூர்ச் செடிகளை நட்டு மறைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் மீதித் தடம் தானாகவே மூடிக்கொள்ளும். மாறாக, ஒரு குறுக்குத் தடம் எத்தனை முறை அடைத்தாலும் மறுபடி திறக்கிறது என்றால், அங்கே உண்மையாகவே பாதை தேவைப்படுகிறது. கல் பதித்துக் கொடுத்துவிடுங்கள்.

புல்தரையை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுக்குச் சுழற்சி முறையில் ஓய்வு கொடுங்கள், வளரும் பருவத்தில் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம். இறுகிய மண்ணில் உள்ளீடற்ற ஆணிகள் கொண்ட கருவியால் 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு மண்ணை எடுக்க வேண்டும். மண் ஈரப்பதமாக இருக்கும்போது செய்யுங்கள், சேறாக இருக்கும்போது செய்தால் மேலும் இறுகிவிடும். வெட்டும்போது ஒரே தடவையில் புல் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

மரங்களுக்கு மெல்லக் கொல்லும் நோய் மண் இறுகுவதுதான். தண்டின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரம் வரை வேர்ப்பகுதி என்று கொள்ளலாம், 50 செ.மீ. தண்டுக்கு 6 மீட்டர். அந்த வட்டத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பரப்பில் 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மரத்தூளோ சருகோ மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை அழுகும். நிழல் வேண்டி மரத்தடியில்தான் இருக்கை போடுகிறோம். காலடி அதிகம் விழுவதும், கிளை முறிந்தால் ஆள் மேல் விழுவதும் அதே இடத்தில்தான். ஆகவே மரங்களைச் சோதிக்கும் வரிசையை மரத்தின் வயதை வைத்துத் தீர்மானிக்காமல், கீழே யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். முதலில் விளையாட்டுத் திடல், வரிசை நிற்கும் இடம், இருக்கைகள். அடித்தண்டில் காளான், கவையில் பிளவு, காய்ந்த பெருங்கிளை, வேர்ப்பக்கம் மண் தூக்கியிருப்பது இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே அடியிலுள்ள இருக்கையை நகர்த்திவிட்டு, மர மருத்துவம் தெரிந்தவரை அழையுங்கள். இருக்கையை நகர்த்த அரை மணி நேரம் போதும், மரத்தை வெட்டுவதா என்ற முடிவை நிதானமாக எடுக்கலாம்.

விளையாட்டுத் திடல்

தினமும் திறக்கும் முன் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். கையில் ஒரு வாரியும் அளவுகோலும் போதும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரத்தின் முனையிலும் மணல் குழிந்திருக்கும், குழந்தை விழும் இடமும் அதுதான். மணலோ மரச்சீவலோ 30 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். கம்பத்தில் அந்த மட்டத்தைப் பெயின்டால் கோடு போட்டுவைத்தால், கோடு தெரிந்தால் மணல் குறைந்துவிட்டது என்று யாருக்கும் புரியும். கெட்டிப்பட்ட மணலைக் கிளறிவிட வேண்டும், இறுகிய மணல் சிமெண்டைப் போலவே அடிக்கும்.

கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 9 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது 23 செ.மீ.க்கு மேலே இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவில் உடல் நுழைந்து தலை சிக்கும். ஊஞ்சல் சங்கிலிக் கொக்கிகள் திறந்திருந்தால் துணி மாட்டும், முழுவதுமாக மூடுங்கள். வெயில் நேரடியாகப் படும் உலோகச் சறுக்கு குழந்தையின் தோலைச் சுட்டுவிடும், நிழல் இல்லையென்றால் பகலில் மூடிவையுங்கள். ஏதாவது உடைந்திருந்தால் எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு விட்டுவிடாதீர்கள், குழந்தைகள் அட்டை படிப்பதில்லை. ஊஞ்சலைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

அறிவிப்புப் பலகைகள்

அமெரிக்காவின் அரிசோனாவில், பழங்கால மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரப் பூங்காவில், பாதையோரம் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் போட்டு, பலகை வாசகங்களை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முன்பு வந்த பலர் கல்மரத்தை எடுத்துப் போனதால் பூங்கா சிதைகிறது என்ற வாசகத்தின்போது துண்டுகளில் கிட்டத்தட்ட 8 விழுக்காடு காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று நேராகக் கேட்டபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எல்லோரும் செய்கிறார்கள் என்று பலகையே சொல்லிவிட்டால், செய்யாதவருக்கும் துணிவு வரும். எனவே குறை கூறாமல், செய்ய வேண்டியதை ஒரே வரியில், காரணத்தோடு எழுதுங்கள். ஒரு பலகைக்கு ஒரு செய்தி. எழுத்துயரம், 10 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டுமானால் 3 முதல் 4 செ.மீ. முடிவெடுக்கும் இடத்துக்கு முன்னால் பலகை இருக்க வேண்டும், தாண்டிய பிறகு அல்ல.

ஆட்களும் அவசரநிலையும்

உச்ச நேரம் மாலை 5 மணிக்கு என்றால் கூடுதல் ஆட்கள் 4 மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். ஷிப்ட் மாறும் நேரம் உச்ச நேரத்தில் விழவே கூடாது, பலர் கவனிக்காத பெரிய ஓட்டை இது. பூங்காவை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எல்லோரும் சுற்றி வருவார்கள் என்றால் வாசலுக்கு அருகிலேயே எல்லோரும் இருப்பார்கள்.

பாதைகளில் 200 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட கம்பம் நடுங்கள். விழுந்து கிடப்பவருக்கு உதவி கேட்டு அழைப்பவரால் பெரிய மரத்துக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்ல முடியும். கம்ப எண் இருந்தால் ஆம்புலன்ஸ் நேராக வரும். அந்த ஆம்புலன்ஸ் போக 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடம் எப்போதும் காலியாக இருக்கிறதா என்று கூட்டம் மிகுந்த நாளிலேயே ஒரு வாகனத்தை ஓட்டிப் பாருங்கள். காலியான நாளில் செய்த ஒத்திகை எதையும் காட்டாது. இதயத் துடிப்பை மீட்கும் ஏ.இ.டி. கருவி, எந்த இடத்திலிருந்தும் மூன்று நிமிடத்தில் எடுத்து வரும் தொலைவில் இருக்கட்டும், பூட்டாத பெட்டியில்.

இடி கேட்டால் திறந்தவெளியையும் நீர்நிலையையும் காலி செய்ய வேண்டும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திறக்க வேண்டும். அதை அறிவிக்கும் அதிகாரம் அன்று பணியிலிருக்கும் மேற்பார்வையாளருக்கே எழுத்தில் இருக்க வேண்டும். மேலிடத்துக்கு ஃபோன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. காணாமல் போன குழந்தையைக் கொண்டுவந்து வைத்திருக்கும் இடம், வெளியேறுபவர்களை வாசலில் நிறுத்தும் முறை, வாக்கி-டாக்கியில் யார் யாருக்குச் சொல்வது என்பவையும் ஒரே பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

மாற்றம் பலித்ததா என்று பார்ப்பது

ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. ஒன்றைச் செய்து, ஒத்த வானிலையுள்ள மூன்று வார இறுதிகளில் அதே 15 நிமிட எண்ணிக்கையை எடுங்கள். அளப்பதும் ஒரே இடத்தில், ஒரே மணியில் இருக்கட்டும்: வாசல் வரிசையின் நீளம், கழிப்பறையில் காத்திருக்கும் நிமிடம், வியூ பாயிண்ட் சதுரத்தில் தலைகள், பாதையின் அகலம். கடைசியாகச் சொன்னதை ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், எண்ணிட்ட கம்பங்களின் அருகே டேப்பால் அளந்து, அதே கோணத்தில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். பணியாளர்கள் மாறிப்போனாலும் அடுத்தவருக்கு எந்த இடம் விரிகிறது, எது மூடிக்கொள்கிறது என்பதை அந்தப் படங்களும் அளவுகளும் காட்டும்.